ஐக்யூ டெஸ்ட் நடத்தப் பழகுவது எப்படி? பள்ளி உளவியலாளராக விரும்பும் ஒரு மாணவிக்கு

உளவியலில் பட்டம் முடித்துவிட்டீர்கள், பள்ளிகளில் குழந்தைகளை மதிப்பீடு செய்யும் வேலைக்குப் போக ஆசை. நான்கு ஆன்லைன் சான்றிதழ் படிப்புகளின் பெயரை எழுதி, நுண்ணறிவுச் சோதனை (ஐக்யூ டெஸ்ட்) நடத்தக் கற்றுக்கொள்ள இதில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஒரு குழந்தைக்குச் சோதனை நடத்துவதை அந்த நான்கில் எதிலாவது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்களா? குழந்தையின் பதில்களையும் மதிப்பெண்ணையும் எழுதி நீங்கள் நிரப்பிய பதிவுத்தாளை வரிவரியாகச் சரிபார்த்துத் தருகிறார்களா? இல்லையென்றால் நான்கும் ஒன்றுதான், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய பகுதி இல்லாமல் இல்லை. வரலாற்றில் ஆரம்பியுங்கள், பரீட்சைக்காக அல்ல. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் அளவுகோலை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக. புத்திசாலிகளுக்குப் பட்டம் கட்டுவது அவர்கள் நோக்கம் அல்ல. பெற்றோர் 'என் பிள்ளைக்கு எத்தனை மார்க்?' என்று கேட்கும் நாளில் இது உங்களுக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிறகு அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் வருகிறார். 1939இல் பெரியவர்களுக்கான அளவுகோல், 1949இல் குழந்தைகளுக்கானது. இன்று பல நாடுகளில் புழங்கும் விஸ்க் (WISC) என்ற குழந்தைகளுக்கான சோதனை அதன் வழிவந்ததுதான். 2014இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு 6 வயது முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. மொழிப் புரிதல், காட்சி-இடம் சார்ந்த திறன், புதியதைத் தர்க்கமாக யோசிப்பது, செயல்படு நினைவாற்றல், வேகம் என்று ஐந்து முகங்களைத் தனித்தனியாகக் காட்டும். ஏன் இந்த ஐந்து என்று புரிய வேண்டுமானால் கேட்டெல், ஹார்ன், கரோல் மூவரின் பெயரால் வழங்கும், நுண்ணறிவைப் பல திறன்களாகப் பிரித்துப் பார்க்கும் கோட்பாட்டைப் படியுங்கள். இந்தக் கோட்பாடு பிடிபட்டுவிட்டால் நாளை வேறொரு சோதனைப் பெட்டியைக் கையில் கொடுத்தாலும் மிரள மாட்டீர்கள்.

புள்ளியியலை வெறுப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்கவும், தப்பிக்க வழியில்லை. ஆனால் நிறைய வேண்டாம். சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்றால் என்ன, ஏறக்குறைய 68 சதவீதம் பேர் ஏன் 85க்கும் 115க்கும் இடையில் வருகிறார்கள், அளவீட்டுப் பிழை எங்கிருந்து வருகிறது, இவ்வளவு போதும். 92 எடுத்த பிள்ளையின் அறிக்கையில் வெறும் 92 என்று எழுதாமல், அந்தப் பிழைக்கும் இடம் விட்டு, 'ஏறக்குறைய 87க்கும் 98க்கும் இடையில்' என்று வீச்சாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அது ஏன் என்று அம்மா அப்பாவுக்குப் புரியும்படி சொல்லவும் தெரிய வேண்டும்.

சரி, புத்தகமும் வீடியோவும் கற்றுத்தராத பகுதிக்கு வருவோம்.

எண் வரிசையைச் சொல்லி, குழந்தையைத் திருப்பிச் சொல்ல வைக்கும் ஒரு துணைச்சோதனை உண்டு. விநாடிக்கு ஓர் எண் வீதம், இடைவெளி மாறாமல் வாசிக்க வேண்டும். எளிதாகத் தெரிகிறதா? போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். 'ஏழு இரண்டு... ஒன்பது நான்கு' என்று இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்திருப்பீர்கள். நமக்கு ஃபோன் நம்பர் சொல்லியே பழக்கம்! அப்படி வாசித்தால் குழந்தைக்கு நினைவில் வைப்பது சுலபமாகிவிடும். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடப் பயன்படும் நார்ம் அட்டவணையோ, எண்களைச் சீராக வாசிக்கக் கேட்ட குழந்தைகளை வைத்துத் தயாரானது. மதிப்பெண் ஏறும், அதற்கு அர்த்தம் இருக்காது.

சொற்களின் பொருள் கேட்கும் பகுதி இன்னும் கஷ்டம். ஒரு பதிலுக்கு 0, 1, 2 என்று மதிப்பெண் போட வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் 'இன்னும் கொஞ்சம் சொல்லேன்' என்று கேட்கலாமா கூடாதா என்பதைக் கையேடு தீர்மானிக்கும், உங்கள் இரக்கம் அல்ல. எதிரே ஒரு ஏழு வயதுப் பிள்ளை பாதிப் பதிலோடு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், ஸ்டாப்வாட்ச் ஒரு பக்கம், பதிலைச் சொன்னபடியே எழுதும் பேனா இன்னொரு பக்கம். சரியான பதில் வந்ததும் வாய் தானாக 'வெரி குட்' என்று சொல்லிவிடும். சொன்னால் பிரச்சினை. அடுத்த கேள்விக்கு நீங்கள் சும்மா இருந்தால், போன பதில் சரி, இது தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும். முயற்சியைப் பாராட்டலாம், பதிலைப் பாராட்டக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால்தான் இந்தப் பழக்கம் போகும்.

கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 2015 நவம்பர் 14இல் பிறந்த குழந்தைக்கு 2024 மார்ச் 10இல் சோதனை வைக்கிறீர்கள். கழித்தால் 8 வயது 3 மாதம் 26 நாள். '26 நாள்தானே, 4 மாதம் என்றே வைத்துக்கொள்வோம்' என்று கை போகும். வெக்ஸ்லர் அளவுகோல்களில் அப்படி முழுமையாக்கக் கூடாது. ஒவ்வொரு சில மாதத்துக்கும் தனி அட்டவணை என்பதால், நீங்கள் வேறு அட்டவணைக்குப் போய்விடுவீர்கள், மதிப்பெண்களும் மாறிவிடலாம்.

ஆகவே பயிற்சியை இந்த வரிசையில் தேடச் சொல்வேன். முதலில் ஒரே ஒரு சோதனையின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை. எங்கே தொடங்குவது, எப்போது முந்தைய எளிய கேள்விகளுக்குத் திரும்புவது, எத்தனை தவறான பதில்களுக்குப் பிறகு நிறுத்துவது என்பதெல்லாம் பார்க்காமல் சொல்ல வர வேண்டும். அடுத்து, வகுப்புத் தோழியைக் குழந்தையாக நடிக்கச் சொல்லிப் பழகுங்கள். வேண்டுமென்றே அவர் கோணல் பதில் சொல்லட்டும். ஒரே பதிவுத்தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, எங்கே வேறுபட்டீர்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். இதைவிட நல்ல இலவசப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம்தான் பெற்றோரின் சம்மதத்தோடு உண்மையான குழந்தைகள், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலோ வீடியோவிலோ பார்க்கும் மேற்பார்வையாளரோடு. பழகும்போது எடுத்த மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. 'சும்மா சொல்லுங்கம்மா' என்று கேட்பார்கள், அப்போதும் சொல்லக் கூடாது.

இணையத்தில் சோதனைப் படங்களையும் கேள்விகளையும் அப்படியே காட்டும் வீடியோக்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து படிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். கேள்வி வெளியே போனால் அந்தச் சோதனையே வீணாகிவிடும். பதிப்பாளர்கள் வாங்குபவரின் தகுதியைப் பார்த்துத்தான் இவற்றை விற்கிறார்கள். நுண்ணறிவுச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் உயர்ந்த தகுதி நிலை கேட்பார்கள். வார இறுதிப் பட்டறைச் சான்றிதழ் மட்டும் அதற்குப் போதாது. ஏற்கெனவே தகுதி உள்ளவர்கள் புதிய பதிப்புக்கு மாறும்போது பதிப்பாளர்களின் வெபினார் உதவும், உங்களுக்கு இப்போது அதில் பாதிதான் விளங்கும்.

சோதனை நடத்துவது இந்த வேலையில் ஒரு பகுதிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழிப் புரிதலில் 112, வேகத்தில் 79 எடுத்த பிள்ளைக்கு மொத்த ஐக்யூ என்று ஒரே எண்ணைப் போட்டால் அது யாரையும் குறிக்காது. அந்தப் பிள்ளையை உங்களிடம் அனுப்பிய ஆசிரியர் கேட்டது, பையன் ஏன் எழுதி முடிப்பதில்லை என்று. அறிக்கை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து பார்த்தீர்களா, நோட்டைப் புரட்டினீர்களா, பார்வையும் கேட்கும் திறனும் சரிபார்க்கப்பட்டதா, வீட்டில் எந்த மொழி? அறிவுசார் குறைபாடு என்ற முடிவுக்கு வரும்போது இது இன்னும் முக்கியம். 70க்குக் கீழே ஓர் எண் வந்ததை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனையும் தனியாக அளந்து பார்த்தாக வேண்டும். அறிக்கை எழுதக் கற்றுத்தராத படிப்பு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி சேரப்போகும் இடத்துக்கு ஃபோன் செய்து இவற்றைக் கேளுங்கள். முடிப்பதற்குள் எத்தனை குழந்தைகளைச் சோதிப்பேன்? எத்தனை அறிக்கைகள் திருத்தப்பட்டு என் கைக்குத் திரும்பும்? மேற்பார்வையாளர் இப்போதும் குழந்தைகளைப் பார்க்கிறாரா? உங்களிடம் உள்ள பெட்டி எந்தப் பதிப்பு, நார்ம் எந்த நாட்டுக் குழந்தைகளிடம் எடுத்தது? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மற்றதையும் ஒழுங்காகச் செய்வார்கள்.

'பள்ளி உளவியலாளர்' என்று பெயர் போட்டுக்கொள்ள எந்தப் பட்டம், எத்தனை மணி நேரக் களப்பயிற்சி, எந்த உரிமம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் வேலை பார்க்கப்போகும் இடத்தின் உரிமம் வழங்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள். அதுவரை அந்த நான்கு படிப்புகளும் அப்படியே இருக்கட்டும்.