குக்கர் காஸ்கெட் போன சேதி

அன்புள்ள அக்கா,

நான் ஓசூரில் இருக்கிறேன், வேலைக்குப் போகவில்லை. மாடித்தோட்டம் போட ஆரம்பித்தபோது விதை மாற்றிக்கொள்வதற்காக ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். அதில் மனசு ஒத்துப்போன பதினான்கு பேர் தனியாக ஒரு சின்னக் குழு ஆரம்பித்தோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் செடிப் பேச்சு குறைந்து மோட்டார் ரிப்பேர், பையனுக்குக் காய்ச்சல், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றுதான் ஓடுகிறது. எனக்கு அது பிடிக்கிறது. ஆனால் கணவர், "முகம் தெரியாதவங்க வீட்டுல என்ன குழம்புன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மற்றவர்கள் ஊட்டி போனோம், புது வீட்டில் பால் காய்ச்சினோம் என்று போடும்போது, என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லையே என்று, எழுதியதையும் அழித்துவிடுகிறேன்.

இன்னொன்று. மதுரைப் பக்கம் ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், தினமும் காலையில் முதல் ஆளாக வாசல் கோலத்தைப் படம் எடுத்துப் போடுவார். பத்து நாளாக ஒன்றும் வரவில்லை. விசாரிக்கலாமா, இல்லை அது அதிகப்பிரசங்கித்தனமா? இதையெல்லாம் நட்பு என்று சொல்லலாமா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

அந்த அம்மாவை இன்றைக்கே கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். குழுவில் எல்லார் முன்னாலும் "ஆளையே காணோமே" என்று கேட்க வேண்டாம், தனியாகக் கூப்பிடுங்கள். பத்து நாளாகக் கோலம் இல்லை என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது உங்களுக்கும் தோன்றியிருக்கும், துக்க வீட்டில் கோலம் போட மாட்டார்கள். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் முட்டிவலியாகவோ, மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகவோ இருந்தால் நல்லது, ஆனால் துக்கமாகவே இருந்துவிட்டால் அவ்வளவு பேருக்கும் நடுவில் வைத்து அவரைப் பதில் சொல்ல வைக்கக் கூடாது. எடுக்கவில்லையென்றால், "கோலம் காணோமேன்னு கேட்டேம்மா, முடியும்போது பேசுங்க" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு விடுங்கள். கடைசியாக எப்போது ஆன்லைன் வந்தார், நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, போனைப் பிள்ளைகள்கூட எடுத்துப் பார்த்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பதினான்கு பேரில் அவர் வராததைக் கணக்கு வைத்திருந்தது நீங்கள், அப்போது கேட்க வேண்டியதும் நீங்கள்தான்.

சரி, உங்கள் கணவரின் கேள்வி. முகம் தெரியாதவர் வீட்டுக் குழம்பு தெரிந்து என்ன ஆகப்போகிறது. நியாயமான கேள்விதான், எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் அஞ்சலட்டை வந்தது 1879 ஜூலையில், விலை காலணா. அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேலாக ஊரும் உறவும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பெரிய விஷயங்களாலா? பெரிய விஷயத்துக்குத் தந்தி இருந்தது, தந்திக்காரர் தெருவுக்குள் வந்தாலே வயிற்றைக் கலக்கும். கார்டில் வந்ததெல்லாம் நலம், நலமறிய ஆவல், அப்புறம் சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிட்டோம், சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இவ்வளவுதான். எங்கள் அம்மாவுக்குப் பெரியம்மா எழுதும் கார்டுகளில் விலாசம் எழுதும் பக்கத்து ஓரம் வரைக்கும் பென்சிலில் நெருக்கி எழுதியிருப்பார், அதில் பாதி யார் வீட்டில் யாருக்குத் தடுமன் என்பது. அம்மா அதை மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை படிப்பார். 2013 ஜூலையோடு தந்தியையே நிறுத்திவிட்டார்கள், தடுமன் சேதி மட்டும் வேறு வழியில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இது போதாது என்று உங்கள் கணவர் சொன்னால் தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் ஊரில் நடந்த கதையைச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. எனக்கும் உங்களைப் போல ஒரு வாட்ஸப் குழு உண்டு, அதில் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒரு தங்கை இருக்கிறாள், அப்பாவும் அம்மாவும் ஏரலில். அவளையும் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்று அவளால் டைப் பண்ணவே முடியவில்லை, "போன் போகலக்கா, போன் போகலக்கா" என்று திரும்பத் திரும்ப வாய்ஸ் மெசேஜ் மட்டும்.

அப்போது நாங்கள் செய்தது, அதற்கு முந்தைய மாதங்களில் அவள் சும்மா எழுதியதையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்ததுதான். அப்பாவுக்குப் படி ஏற முடியவில்லை, கட்டிலைக் கீழே முன்னறைக்கு மாற்றிவிட்டோம் என்று ஒரு நாள். இன்சுலின் விலையைப் பார்த்தீங்களா என்று ஒரு நாள் புலம்பல், கூடவே மருந்து டப்பாவின் படம். பின்வீட்டு டெய்லர் அண்ணன்தான் மருந்து வாங்கிக் கொடுக்கிறார், அவருக்குத் தீபாவளிக்குச் சட்டைத்துணி அனுப்பியிருக்கிறேன், தைக்கிறவருக்கே துணி என்று அவள் சிரித்தது ஒரு நாள். இதையெல்லாம் சேர்த்து, எந்தத் தெரு, கீழ்த்தளத்தில் நடக்க முடியாத பெரியவர், என்ன மருந்து, பின்னால் மாடி உள்ள வீடு யாருடையது என்று ஒரே குறிப்பாக எழுதி, திருநெல்வேலியில் இருந்த இன்னொரு தோழி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பிக்கொண்டிருந்த இளைஞர்கள் கையில் கொடுத்தாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் டெய்லர் அண்ணனே இரண்டு பேரையும் தன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார், அவர் கைக்கு ஆயிரம் கும்பிடு. ஆனால் மருந்து டப்பா வெள்ளத்தோடு போய்விட்டது, அந்தப் பிள்ளைகள் சரியான இன்சுலினைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்தது, அவள் என்றோ விலையைப் பற்றிப் புலம்பியதால்.

வெள்ளம் வந்தால் உதவும் என்பதற்காக யாரும் குழம்பைப் பற்றி எழுதுவதில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் வீட்டின் நீள அகலம் நமக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, யார் எந்த அறையில் படுக்கிறார், யாருக்கு எது ஆகாது, யார் கோபப்பட்டால் பேசாமல் இருப்பார் என்று. வருடத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் பார்க்கும் சொந்தக்காரர்களில் எத்தனை பேரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியும்? நேரில் பார்த்தவர்தான் தெரிந்தவர் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே, ஆம், இது நட்புதான், நான் அதை அப்படியேதான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, சொல்ல ஒன்றும் இல்லை என்று அழித்துவிடுகிறீர்களே, அது. ஊட்டிப் படத்துக்கு நான்கு பூங்கொத்து விழும், அதோடு பேச்சு முடிந்துவிடும், "சூப்பர்" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. எங்கள் குழுவில் போன மாதம் அதிகம் பேசப்பட்டது குக்கர் காஸ்கெட். "காஸ்கெட் போச்சு, விசிலே வரல, பருப்பு வேகும்னு முக்கால் மணி நேரம் நின்னேன், கடைசில ரசமாக்கிட்டேன்" என்று ஒருத்தி எழுதினாள். காஸ்கெட்டை ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்துப் பார் என்று ஒருவர், ஒரிஜினல் மட்டும் வாங்கு என்று இன்னொருவர். அவள் மாமனார் அந்த ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார் என்பதில் போய் நின்றது, அவர் மனைவி போன பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்று அது சந்தோஷமான சேதி.

எழுதும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். "இன்று மனசு சரியில்லை" என்று போட்டால் எல்லோரும் பயந்துபோய்க் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். என்ன நடந்தது என்பதைப் போடுங்கள், பால் திரிந்ததா, பையன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவந்தானா, பாகல் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்ததா. அதற்குத்தான் எதிரில் இருப்பவரால் ஏதாவது சொல்ல முடியும். யாரோ செய்த காலை வணக்கப் படத்தை அப்படியே தள்ளிவிடுவதை நான் இதில் சேர்க்கவே மாட்டேன், அதில் அனுப்புகிறவரே இல்லை. அந்த அம்மாவின் கோலம் வேறு, அது அவர் குனிந்து போட்டது. அதேபோல மற்றவர் எழுதினால் கட்டைவிரலோடு நிறுத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள். "காய்ச்சல் இறங்கிச்சா" என்று மறுநாள் நீங்களாகக் கேட்பது போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறார். நம் சேதியை நாம் சொல்லலாம், அடுத்தவர் சேதியைச் சொல்ல அவரைக் கேட்க வேண்டும். டிரிப்ஸ் ஏறும் கையோடு மாமியாரைப் படம் எடுத்துப் போடுவது, பிள்ளையின் மார்க் ஷீட்டைப் போடுவது, கணவரோடு நடந்த சண்டையை வார்த்தைக்கு வார்த்தை எழுதுவது, இதெல்லாம் வேண்டாம், எவ்வளவு நெருங்கிய குழுவாக இருந்தாலும். அந்தத் தங்கை வீட்டு முகவரியைக்கூட நாங்கள் அவளைக் கேட்ட பிறகுதான் வெளியே கொடுத்தோம், அந்தப் பதற்றத்திலும்.

அன்புடன்,
அக்கா