சுண்ணாம்புக் காரைக்கு எவ்வளவு பலம் போதும்? பெங்களூர் பழைய வீடுகள்: கேள்வி பதில்

மல்லேஸ்வரம்: 80 வருஷத்து வீடு சார், செங்கல் இடுக்கில் காரை உதிர்கிறது. 1:4 சிமென்ட் சாந்து வைத்தால் கவலையில்லை என்கிறார் மேஸ்திரி.

வேண்டாங்க. அதன் அழுத்தம் தாங்கும் பலம் 28 நாளில் 7.5 மெகாபாஸ்கல் வரை ஏறும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் 1:3 கலந்தால் 1-ஐ ஒட்டித்தான் நிற்கும், அதுவே போதும். செங்கல்லைவிடச் சாந்து பலம் குறைவாக இருக்கணும்: விரிசல் இடுக்கில் விழும், ஈரமும் அந்த வழியே போகும். சிமென்ட் அடைத்தால் ஈரம் செங்கல் வழியே ஆவியாகி, உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து கொட்டும். சில வருஷத்தில் சிமென்ட் வரி மட்டும் ஜன்னல் சட்டம் மாதிரித் துருத்தி நிற்கும்.

அல்சூர்: ஒரு கைப்பிடி சிமென்ட் மட்டும் சேர்த்தால்?

ரெண்டுங்கெட்டான். சீக்கிரம் இறுகணும்னா சுர்க்கி சேருங்க: சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. 950 டிகிரிக்குக் கீழே சுட்ட செங்கல்லை மாவாக இடித்ததுதான் சுர்க்கி. நன்றாக வெந்த ஒயர்கட் (மெஷினில் கம்பியால் அறுத்த) செங்கல் தூள் வெறும் மணல்தான்.

ஃப்ரேசர் டவுன்: சுண்ணாம்புச் சாந்தைக் கட்டியாக வார்த்து 28 நாளில் உடைத்துப் பார்த்த க்யூப் டெஸ்ட் 0.6 மெகாபாஸ்கல் காட்டியது. ஃபெயில் என்கிறார் கான்ட்ராக்டர்.

சிமென்ட் கண்ணால் பார்த்த தீர்ப்பு அது. உடைந்த க்யூபின் உள்முகத்தில் பினாப்தலின் (காரம் பட்டால் ரோஸ் ஆகும் திரவம்) தெளியுங்க. ஓரத்தில் சில மில்லிமீட்டர் நிறம் மாறாது, நடுவில் பளிச்சென்று ரோஸ் ஏறும். ரோஸ் உள்ள இடத்தில் சுண்ணாம்பு இன்னும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கவில்லை. 90, 180 நாளில் மறுபடி உடைத்துப் பாருங்க. எங்குமே ரோஸ் வராமல் பொடிந்தால்தான் சிக்கல்: மூட்டை திறந்து கிடந்து செத்த சுண்ணாம்பு, இல்லை மணல் கூடுதல்.

பசவனகுடி: சாந்தில் வெல்லம், கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பது அவசியமா அண்ணா?

இடுக்கு அடைக்க அவசியமில்லை. வெல்லம் மிஞ்சினால் இறுகத் தாமதமாகும், பூஞ்சை பிடிக்கும்.

ஜெயநகர்: வேலையை எப்படிச் செய்வது?

கிரைண்டர் வேண்டாம், செங்கல் விளிம்பு போய்விடும். உளியால் இடுக்கின் அகலத்தைப் போல் இருமடங்கு, குறைந்தது 25 மி.மீ. ஆழம் சுரண்டுங்க. தூசியைக் கழுவி, சுவர் ஈரமாக இருக்கும்போதே இரண்டு அடுக்காக அழுத்தி அடையுங்க. மணலுக்குப் பதில் எம்-சாண்ட் (கல்லை உடைத்த மணல்) என்றால் கழுவிய பிறகே. அதில் கல்மாவு அதிகமானால் சுருங்கி வெடிக்கும். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கட்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் விரல் நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடலாம்.