‘நெவர்பீஸ்ட்’ தேவதைப் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஆறு வயது மகளுக்கும் மூன்றரை வயது மகனுக்கும் டிஸ்னியின் டிங்கர் பெல் வரிசையில் வந்த ‘நெவர்பீஸ்ட்’ படத்தைக் காட்டலாமா, அமெரிக்காவில் எல்லா வயதினருக்கும் உரியதென்று ‘ஜி’ சான்றிதழ் பெற்ற படம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மகளுக்குக் காட்டலாம், மகனுக்கு இப்போது வேண்டாம் என்பதே என் பதில். சான்றிதழில் பிழை காண நான் வரவில்லை; ஆனால் அங்குள்ள பிள்ளை வசனத்தோடு பார்க்கும் படத்தை இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள நம் பிள்ளைகள், ஆங்கிலம் இன்னும் பிடிபடாத வயதில், உருவத்தையும் சத்தத்தையும் மட்டும் கொண்டு பார்க்கிறார்கள். இந்தப் படத்திலோ பயமுறுத்துவதெல்லாம் உருவத்தில் இருக்கிறது, ஆறுதல் சொல்வதெல்லாம் வசனத்தில் இருக்கிறது.

கதை சிறியது. 2014 இன் இறுதியில் வெளிவந்த, 76 நிமிடம் ஓடும் இப்படத்தில், பச்சை நிற வால்வெள்ளி ஒன்று வானில் கடந்து போக, காட்டுக்குள் நெடுங்காலம் உறங்கிய பெரிய விலங்கு விழித்துக்கொள்கிறது. விலங்குகளைப் பராமரிக்கும் தேவதை அதன் காலில் தைத்த முள்ளை எடுத்துவிட்டு நட்பாகிறாள். அது தங்கள் இடத்தையே அழித்துவிடும் என்ற பழங்கதையை நம்பும் காவல் தேவதைகளோ அதைப் பிடிக்கத் தேடுகிறார்கள். உண்மையில் அது வந்திருப்பது அவர்களை மின்னலிலிருந்து காப்பாற்றத்தான்.

என் அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும், மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு, இதை மடிக்கணினியில் போட்டுக்காட்டியவன் நான்தான். ஒரு கட்டத்தில் அந்த விலங்கு, படவரிசையின் நாயகியான தேவதை டிங்கர் பெல்லை அடித்து வீழ்த்துவது போலத் தெரியும், அவளும் மயங்கிக் கிடப்பாள். மரம் ஒன்று அவள்மேல் விழவிருந்ததால் அப்படித் தட்டிவிட்டது என்பது பின்னரே தெரியவரும். மூத்தவளுக்கு நான் சொன்னதும் விளங்கிவிட்டது. இளையவன் அடித்ததை மட்டும் கண்டான். அதுவரை முள் எடுத்த காட்சியைச் சிரித்துக்கொண்டு பார்த்தவன், அதன் பிறகு அந்த விலங்கு திரையில் வந்தபோதெல்லாம் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டான்.

இது அவன் ஒருவனுடைய சுபாவம் அல்ல. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் 1980களில் பிள்ளைகளின் திரைப்பயத்தைப் பற்றி ஆராய்ந்தபோது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கோபம் வந்தால் பச்சை நிற இராட்சதனாகும் நல்லவனான ‘ஹல்க்’ உருமாறும் காட்சிதான் முன்பள்ளி வயதினரை அதிகம் பயமுறுத்தியது. அவன் உதவி செய்யவே உருமாறுகிறான் என்பது அவர்களுக்கு எடுபடவில்லை. இந்தப் படத்தின் விலங்கும் கடைசிப் பகுதியில் கொம்பும் இறக்கையும் முளைத்து உருமாறுகிறது. உங்கள் மகனின் வயதுக்கு அதுவே போதும்.

மற்றொன்று மின்னல். பச்சை மேகம் சூழ்ந்து, இடி இடித்து, முள்ளை எடுத்த அந்தத் தேவதை மின்னல் தாக்கி அசைவின்றிக் கிடந்து, பின்னர் உயிர் பெறும் காட்சி படத்தின் உச்சம். இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலானால் மலைநாட்டில் இடிமின்னல் வழமை. நான் புத்தியில்லாமல் ஓர் ஒக்டோபர் மாலை நேரத்தில்தான் படத்தைப் போட்டேன். தகரக் கூரைக்கு மேல் உண்மையான இடியும் திரையில் பொய்யான இடியும் சேர்ந்துகொண்டன. பிறகு ஒரு கிழமைக்கு மேல், மேகம் கறுத்தால் தண்ணீர்ப் பீலிக்கு வாய் கொப்பளிக்கக்கூட இளையவன் தனியே போகவில்லை. “மாமா, பச்சையா வருதா பாருங்க” என்று முதலில் என்னை வாசலுக்கு அனுப்புவான். தை, மாசியில் பகல் வெளிச்சத்தில் காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பயத்தை விட அது எனக்குக் கடினமாக இருந்தது. வேலை முடிந்த விலங்கு மறுபடியும் ஆயிரம் ஆண்டுகள் உறங்கப் போகிறது. தேவதைகள் கண்ணீருடன் வழியனுப்புகிறார்கள். அழகான காட்சிதான். ஆனால் அந்த வருடம் எங்கள் அம்மா காலமாகியிருந்தார், அவனிடம் நாங்கள் எல்லோரும் ‘அம்மாயி தூங்குறாங்க’ என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். படம் முடிந்ததும் அவன் அழவில்லை. “அப்ப அம்மாயியும் ஆயிரம் வருசங் கழிச்சு எந்திரிச்சுருவாங்களா?” என்று கேட்டான். அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார். உங்கள் வீட்டிலும் அண்மையில் ஓர் இழப்பு நேர்ந்திருந்து, அதை உறக்கம் என்று சொல்லியிருந்தால், மகளுக்குக்கூடப் படத்தைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். அல்லது முதலில் அந்தச் சொல்லைத் திருத்திவிட்டுக் காட்டுங்கள்.

காட்டுவதானால், நீங்கள் ஒரு தடவை சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் உங்களுக்கே காரணம் புரியவில்லையோ அங்கெல்லாம் மகளின் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல வேண்டிவரும். விலங்கு நல்லது என்பதைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கதை கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். அந்த வயதில் தெரிந்த கதையே இனிக்கும். மகன் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போடுவது நல்லது, ஏனெனில் அக்கா பார்க்கும் படத்தைத் தம்பிக்கு மறைத்துவைப்பது தோட்டத்தின் சிறிய லயத்து வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. அவனுக்கும் ஏதாவது காட்டத்தான் வேண்டுமென்றால் இதே வரிசையின் 2008 ஆம் ஆண்டு முதல் படத்தை எடுங்கள். அதிலும் துரத்தும் பருந்து ஒன்று உண்டு, ஆயினும் பெரும்பகுதி தட்டுமுட்டுச் சாமான்களால் கருவி செய்யும் கதைதான். அதையும் இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டலாம். மூன்று, நான்கு வயதினருக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் பரிந்துரைத்திருக்கிறது.