உள்ளூர் டாக்டர்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவின் பரேலிக்கு வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபைப் பெண் டாக்டர் கிளாரா ஸ்வெய்ன் சேவை செய்ய வந்தாரா, மதம் மாற்ற வந்தாரா? உள்ளூரில் பிறந்தவர் என்றால் நம்பலாம். எங்கிருந்தோ வந்தவரை எப்படி நம்புவது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உள்ளூர்க்காரரை நம்பலாமா? எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து கடைத்தெருவில் கிளினிக் போட்டார். "மூக்கு ஒழுக என் வீட்டுத் திண்ணையில் கிடந்த பயல், இவன் எனக்கு மாத்திரை எழுதுவதா?" என்று ஜலதோஷத்துக்குக்கூட மதுரைக்கு பஸ் ஏறினார்கள் எங்கள் பெரியவர்கள். மதுரை டாக்டருக்கும் சின்ன வயதில் மூக்கு ஒழுகியிருக்கும். நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் நம்ம ஆள் கிளினிக்கை மூடிவிட்டு வெளியூர் போனார். இப்போது அங்கே கைராசிக்காரர் என்று பெயர். எங்கள் ஊர்க்காரர்களே டோக்கன் வாங்கிக் காத்திருந்து காட்டிவிட்டு வருகிறார்கள்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பது நம் ஊருக்கு மட்டுமான சட்டம் இல்லை. கிளாரா 1834இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் பிறந்து, காஸ்டைல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்து, அப்புறம் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1869இல் பட்டம் வாங்கினார். அந்த நவம்பர் 3ஆம் தேதி இந்தியாவுக்குக் கப்பலேறினார். சரியாக மூன்று நாள் கழித்து, அதே கல்லூரி மாணவிகள் பிலடெல்பியாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பாடம் கேட்கப் போக, ஆண் மாணவர்கள் ஊளையிட்டு விரட்டப் பார்த்தார்கள். உள்ளூர் மரியாதை!

1870 ஜனவரியில் பரேலி. அங்கே பர்தா. உள்ளூர் வைத்தியரும் ஹக்கீமும் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆண்பிள்ளைகள், ஆகவே திரைக்கு இந்தப் பக்கம். உள்ளே போய் நோயாளியின் முகத்தைப் பார்த்து வைத்தியம் செய்ய முடிந்தது கடல் தாண்டி வந்த இந்த அம்மாளால்தான். இப்போது சொல்லுங்கள், யார் உள்ளூர், யார் வெளியூர்?

உள்ளூர்ப் பெண்களையும் அவர் விடவில்லை. வந்த சில வாரங்களிலேயே மருத்துவ வகுப்பு தொடங்கினார். 1873இல் 13 பேர் தேறினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததே 1875இல்தான்.

மதம் மாற்றவா? அதற்கும்தான். அனுப்பியது மெதடிஸ்ட் பெண்களின் வெளிநாட்டு மிஷன் சங்கம். பைபிளை ஒளித்து வைத்துக்கொண்டு அவர் வரவில்லை. இது ராம்பூர் நவாப் கல்ப் அலி கானுக்கும் நன்றாகத் தெரியும். மிஷன் வீட்டை ஒட்டியிருந்த அவருடைய நிலத்தை, பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட விலைக்குத் தருவீர்களா என்று 1871இல் போய்க் கேட்டார்கள். 40 ஏக்கரையும் அதிலிருந்த பழைய மாளிகையையும் சும்மாவே கொடுத்துவிட்டார். 1874இல் அங்கே ஆஸ்பத்திரி திறந்தது. மதப்பற்றுள்ள முஸ்லிம் நவாபுக்கு வராத சந்தேகம் உங்களுக்கு 150 வருஷம் கழித்து வருகிறது.

1885இல் ராஜஸ்தானத்துக் கேத்ரி சமஸ்தானம் இவரை அரண்மனைப் பெண்களுக்கு டாக்டராக வரவழைத்தது. ராஜா யார் தெரியுமா? அஜித் சிங். விவேகானந்தருக்கு நண்பரும் சீடருமான அதே அஜித் சிங்தான். அந்தப்புரத்துக்கு ஒரு கிறிஸ்தவ டாக்டரை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி, 1893இல் சிகாகோவுக்கு ஓர் இந்து சந்நியாசி ஏற்றுமதி! இவ்வளவு சுத்தமாகக் கணக்கு நேர்செய்த சமஸ்தானம் வேறு எது?

"ஏற்றுமதி செய்தது கேத்ரி அல்ல, சென்னை" என்று இப்போதே சிலர் பேனாவைத் திறந்திருப்பார்கள். விவேகானந்தரின் சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாள் அவர் பயணத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்தது எனக்கும் தெரியும். ராமநாதபுரம் சேதுபதியையும் தெரியும். போன முறை இதைத் தொட்டதற்கு ஒருவர் எட்டுப் பக்கம் எழுதினார், ஸ்டாம்ப் போதாமல். அபராதம் கட்டி வாங்கியது நான். இந்தத் தடவை எழுதுகிறவர்கள் தபால் தலையைச் சரியாக ஒட்டவும்.