தூரம் தெளியாத சோவியத் மிரர் லென்ஸ்: திறக்கக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பழைய சோவியத் மிரர் லென்ஸ் (உள்ளே ஆடிகள் வைத்த தொலைநோக்கு லென்ஸ்) ஒன்று வாங்கினேன். இசட்எம்-5ஏ, 500 எம்எம், எஃப்/8. எம்42 (42 மி.மீ. திருகு மரை) அடாப்டர் வளையம் போட்டு என் நிக்கான் டி5600-ல் மாட்டினால், ஏரியில் பக்கத்தில் நிற்கும் கொக்கு தெளிவாக விழுகிறது. தூரத்து மலையும் நிலாவும் எவ்வளவு திருகினாலும் கலங்கல்தான். லென்ஸைத் திறந்து 'இன்ஃபினிட்டி செட்' (வெகு தூரத்தில் உள்ளது தெளியும்படி சரிசெய்வது) பண்ண வேண்டும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் லென்ஸ் கெட்டிருப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. கொக்கு தெளிவாக விழுகிறது என்றால் கண்ணாடிகள் தத்தம் இடத்தில் ஒழுங்காகவே இருக்கின்றன.

எம்42 லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. ஆக, உங்கள் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னே தள்ளி நிற்கிறது. 500-ஐ 500-ஆல் பெருக்கி அந்த ஒரு மில்லிமீட்டரால் வகுத்தால் 2,50,000 மி.மீ., அதாவது 250 மீட்டர். அதற்கு அப்பால் இருப்பது தெளியாது. அடாப்டர் விளிம்பின் தடிமன் இன்னொரு மில்லிமீட்டர் என்றால் எல்லை 125 மீட்டராகச் சுருங்கும். அடாப்டர் விற்கிறவர்கள் இந்தத் தடிமனைப் பெட்டியில் அச்சிட்டால் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பமே வராது. 'எல்லா எம்42 லென்ஸுக்கும்' என்று மட்டும் போட்டு விற்றுவிடுகிறார்கள்.

பறவைதான் உங்கள் நோக்கம் என்றால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. 100 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கொக்கு 500 எம்எம்மில் எப்படியும் சின்னதாகத்தான் விழும்.

இருந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் (ஏறிவிட்டால் கானல் ஆடும்) முக்காலியில் வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) மலை உச்சியை முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டிக் குறியோடு நிறுத்தாமல், அது போகும்வரை மெதுவாகத் திருப்புங்கள். வெப்பத்தில் குழல் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் இந்த வகை லென்ஸ்களில் குறியைத் தாண்டியும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். உச்சி தெளிந்து மறுபடி மங்கினால் பிரச்சினையே இல்லை. கடைசிவரை தெளிந்துகொண்டே போய் வளையம் முட்டி நின்றால், மேலே சொன்ன மில்லிமீட்டர்தான் காரணம்.

இப்போது அந்தக் கடைக்காரர் விஷயம். இது சோவியத் ஒளியியல் அறிஞர் மக்சுத்தோவ் 1941-இல் வகுத்த அமைப்பைப் பின்பற்றிய லென்ஸ். முன்னால் கிண்ணம் போல் வளைந்த தடித்த கண்ணாடி, பின்னால் நடுவில் ஓட்டையுள்ள முதன்மை ஆடி. அந்த ஆடியைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சற்று அழுத்தி முறுக்கினாலே ஆடி நெளிந்துவிடும். அதைத் திரும்ப நேராக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 'செட் பண்ணுகிறேன்' என்று பணம் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது பக்கத்துக் கொக்கையும் கலங்கலாக்கித் தந்த கடைகளை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால் 'ரஷ்ய லென்ஸ் இப்படித்தான் சார்' என்பார்கள். இப்படித்தான் இல்லை! இதன் மூத்த உறவுகளான எம்டிஓ லென்ஸ்கள் 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் உயரிய பரிசு பெற்றவை.

ஏற்கெனவே யாராவது திறந்திருக்கிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். இரவில் தொலைவில் எரியும் ஒரு சின்ன விளக்கை வேண்டுமென்றே ஃபோகஸ் தப்ப வையுங்கள். படச் சட்டத்தின் நடுவில், உள்ளே இருட்டு வட்டத்தோடு, சீரான வளையம் தெரிய வேண்டும். வளையம் முக்கோணமாக இழுத்துக்கொண்டாலோ, இருட்டு வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ, யாரோ கை வைத்துவிட்டார்கள்.

அடுத்ததாக, தூரமும் தெளியும் என்று சொல்லி 'கண்ணாடி வைத்த அடாப்டர்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். மிரர் லென்ஸுக்குக் கான்ட்ராஸ்ட் இயல்பிலேயே குறைவு. அதன் பின்னால் ஒரு மலிவுக் கண்ணாடியைச் செருகினால் படம் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் லென்ஸ் பெயரின் கடைசியில் உள்ள 'ஏ', பின்பக்க வளையம் தனியாகக் கழன்று மாறக்கூடியது என்பதைக் குறிக்கிறது. எம்42-க்கு கேபி-ஏ/42, நிக்கானுக்கு கேபி-ஏ/என் என்று தனித்தனி வளையங்கள் இருந்தன. அசல் நிக்கான் வளையம் கிடைத்தால் தூரம் சரியாகிவிடும். கண்ணாடியும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். ஆனால் இந்தப் பெயரில் டி2 என்ற வேறு வகை வளையத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டி2-வும் 42 மி.மீ. விட்டம்தான், கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மரைதான் வேறு: எம்42-க்கு மரை இடைவெளி 1 மி.மீ., டி2-வுக்கு 0.75. முதலில் சுலபமாக ஏறும், ஒரு சுற்றில் இறுகும். அங்கே நிறுத்துங்கள். பலம் போட்டால் லென்ஸின் மரை அழியும். டி2 கணக்கிடும் தூரமும் 55 மி.மீ., உங்களுக்குப் பொருந்தாது. வளையம் மாற்றும்போது கை நோகிறது என்றால் அது தப்பான வளையம்.

நிலாதான் முக்கியம், அசல் வளையமும் கிடைக்கவில்லை என்றால் ஒரு நண்பரின் மிரர்லெஸ் பாடியை (உள்ளே ஆடி இல்லாத கேமராவை) இரவல் வாங்குங்கள். அதில் சென்சார் வரையான தூரம் குறைவு என்பதால், எந்த மிரர்லெஸ்ஸிலும் சாதாரண அடாப்டரே போதும்.

டி5600-ல் இந்த லென்ஸுக்கு வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. மீட்டர் உள்ளே இருக்கிறது, விலை குறைந்த பாடி என்பதால் தடுத்து வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கியவருக்கு இது அநியாயம். எம் (மேனுவல்) மோடில் வையுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, 1/800-இல் தொடங்கி, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்துங்கள். எஃப்/8 என்று எழுதியிருந்தாலும் ஆடிகளும் நடுத்தடுப்பும் வெளிச்சத்தை விழுங்குவதால் கிட்டத்தட்ட எஃப்/11 போலவே நடந்துகொள்ளும். ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல்மறைப்பு) இல்லாமல் எடுக்காதீர்கள். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள். வியூஃபைண்டரில் கண் வைத்திருந்தால் பார்வை போய்விடும்.