தேய்க்கலாமா, கூடாதா? உழைக்கிற உடம்பின் வலிகள்

கூலி வேலை செய்கிறவர்களின் தசை, மூட்டு வலி பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்.

அம்மா பல வருடமாகப் பீடி சுற்றுகிறார். கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. டவுனில் மசாஜுக்கு ஒரு தடவைக்கு 800 ரூபாய் கேட்கிறார்கள். போகலாமா மேடம்? (ஆலங்குளம்)

அந்தக் காசுக்கு எத்தனை நாள் சுற்ற வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். வேண்டாம். மசாஜ் இறுகிய தசையைத் தளர்த்தும், வலியும் கொஞ்ச நாளைக்கு அடங்கும். ஆனால் வேலை அதேதான் என்பதால் வலி திரும்ப வரும். அடிக்கடி செய்ய வேண்டியதை வீட்டிலேயே செய்தால்தான் கட்டுப்படியாகும்.

அம்மா ஸ்டூலில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்ளட்டும். நல்லெண்ணெய் சில சொட்டுப் போதும். பிடரியிலிருந்து தோள் வரை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி இழுங்கள். முடிச்சு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை அரை நிமிடம் வைத்திருந்து விடுங்கள். முதுகெலும்பின் மேலும் தொண்டைப் பக்கமும் கை போகக் கூடாது. "வலிக்குது, ஆனா சுகமா இருக்கு" என்று அம்மா சொல்கிற அழுத்தம் சரி. பல்லைக் கடித்தால் அதிகம்.

அப்புறம் பீடி சுற்ற மடியில் வைக்கும் அந்த முறம். அதன் மேல் குனிந்தே இருப்பதுதான் பாதி வினை. அடியில் தலையணை வைத்து முறத்தை உயர்த்துங்கள், முதுகு சுவரில் சாயட்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம் எழுந்து நடங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உட்கார்ந்தபடியே அவ்வப்போது தோளை உயர்த்தி இறக்கட்டும்.

சித்தாள் வேலையில் கால் பிசகிவிட்டது. சுளுக்கு எடுக்கிற தாத்தாவிடம் போகட்டுமா அக்கா?

முதலில் நான்கு அடி நடந்து பாருங்கள். முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். முறிந்த எலும்பை உருவினால் விலகிவிடும். வெறும் சுளுக்கு என்றாலும் முதல் இரண்டு மூன்று நாள் தேய்ப்போ சூடான ஒத்தடமோ வேண்டாம், வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். அந்தத் தாத்தாக்களை நான் குறை சொல்லவில்லை, பலருக்குக் கை அனுபவம் நிறையவே உண்டு. ஆனால் அடிபட்ட முழங்கையை மட்டும் யாரிடமும் தேய்க்கக் கொடுக்காதீர்கள். தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போனவர்கள் உண்டு.

மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது?

கையில் இருப்பது. பெரும்பாலும் வேலை செய்வது தேய்ப்புதான். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடான ஒத்தடம் கூடாது. சுட்டது தெரியாமலே கொப்புளித்துவிடும்.

அப்பாவுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. பிடித்துவிடலாமா?

தொடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மெடிக்கலில் நாலு மாத்திரையைப் பொட்டலமாகத் தருகிறார்கள். போட்டால் மூட்டை தூக்க முடிகிறது. தப்பா?

சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு இருக்கும். வலி பறந்துவிடும், நாளடைவில் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. தினமும் வலி மாத்திரை என்றால் சிறுநீரகமும் கெடும். மிச்சமிருக்கும் பொட்டலத்தோடு டாக்டரைப் பாருங்கள். இடுப்பு வலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, அது மசாஜுக்கான வலி இல்லை. அன்றே ஓட வேண்டும்.

சலூனில் தலையைத் திருப்பி நெட்டி முறிப்பது?

கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். முடி மட்டும் வெட்டிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

பாட்டி படுத்த படுக்கை. பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், கட்டணம் இல்லை. உங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் பாட்டியின் பெயரைக் கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது, வீட்டில் யார் தினமும் பாட்டிக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களோ, அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.