பழைய சர்வே படமும் தீர்வை ரசீதும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் புரயிடத்தின் (வீட்டைச் சுற்றிய தோட்ட நிலம்) பழைய சர்வே படம் கிடைத்தது. கோடுகள் நெடுக எண்கள் இருக்கின்றன. எப்படி வாசிப்பது? (வாசகர், கல்குளம் வட்டம்)

பதில்: தொடர்கோடுதான் எல்லை. ஒரு சர்வே கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் குறுக்கே ஓடும் விடுகோடு (விட்டுவிட்டு வரைந்த கோடு) அளப்பதற்காகப் போட்டது. சர்வேயர்கள் ஜி லைன் என்பார்கள். அதை நடைபாதை என்று நினைத்துத்தான் பல வழக்குகள் முளைக்கின்றன.

ஜி லைனில் உள்ள எண்கள் தொடக்கக் கல்லிலிருந்து கூடிக்கொண்டே வரும் தூரம். 150, அடுத்து 320 என்றால் இடைவெளி 170. அதிலிருந்து செங்குத்தாகப் பிரியும் சிறு கோட்டின் எண், எல்லை வளைவு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும்.

அலகை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய படங்களில் பெரும்பாலும் லிங்க்ஸ்தான்: 100 லிங்க்ஸ் ஒரு செயின், அதாவது 66 அடி. அந்த 170 லிங்க்ஸ் 112.2 அடி. தரையில் இருக்கும் இரு கற்களுக்கிடையே டேப் பிடித்துப் பாருங்கள். படத்தில் 150, டேப்பில் சுமார் 30 மீட்டர் என்றால் லிங்க்ஸ்தான். பரப்புக்கு 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். அடிப்பக்கம் 480, உயரம் 60 உள்ள முக்கோணம் 14.4 சென்ட்.

உட்பிரிவு மாற்றங்களைச் சிவப்பு மையில் வரைவது வழக்கம். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அந்த வேறுபாடே அழிந்துவிடும். வண்ண நகலாகவே கேளுங்கள்.

கேள்வி: பழைய ரசீதில் எங்கள் தோப்புக்கும் வயலுக்கும் சென்டுக்கு ஒரே தீர்வை (நிலவரி). இரண்டும் ஒரே மதிப்பா? (வாசகர், விளவங்கோடு வட்டம்)

பதில்: இல்லை. ரசீதின் ஆண்டைப் பாருங்கள். 1946இல், அப்போது நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு, நிலம் எப்படிப்பட்டதானாலும் சென்டுக்கு 14 காசு என்று அடிப்படை வரி வைத்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். ஏக்கருக்கு மூன்றே கால் ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அந்தத் தொகையை வைத்து மண்ணின் தரத்தைச் சொல்ல முடியாது. தரம் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் (நிலத்தைத் தரம் பிரித்து வரி நிர்ணயித்த பதிவேடு) அதே சர்வே எண்ணைத் தேடுங்கள். படத்தில் தரம் இருக்காது. எண்தான் இரண்டையும் இணைக்கும் சாவி. மறு அளவையில் எண் மாறியிருந்தால் பழைய, புதிய எண் ஒப்புப் பட்டியலையும் சேர்த்து வாங்குங்கள்.

ரசீதில் இருப்பது கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) என்றால், ஆங்கில ஆண்டு தெரிய ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். 1085 தை மாதம் 1910இல் வரும்.